தைலப் புட்டியில் என் முகம்

"இது நீங்க இல்லையே" என்றார் அந்த அம்மாள்.

தஞ்சாவூரில் ஒரு பள்ளிக்கூட மைதானம். மகளிர் குழுக்களின் கண்காட்சிக்காகத் தகரப் பந்தல் போட்டிருந்தார்கள். உள்ளே நுழைந்ததும் அப்பளமும் ஊதுபத்தியும் புதுச் சணல் பையும் கலந்த ஒரு வாடை. வெளியே, மண்ணைக் கண்ணால் பார்க்க முடியாத வெயில். எங்கள் ஊர்க் குழுவின் மேசை கடைசி வரிசையில் இருந்தது. மேசைக்குப் பின்னால் என் தோழி தமயந்தி, குழுவின் தலைவி, பட்டுப் புடவையும் தலை நிறைய மல்லிகையுமாக உட்கார்ந்திருந்தாள். மேசையின் மேல் கோபுரமாக அடுக்கிய தைலப் புட்டிகள். ஒவ்வொரு புட்டியிலும் என் முகம்.

வந்த அம்மாள் டவுன்காரர் என்பது பார்த்தவுடன் தெரிந்தது. கூலிங்கிளாஸை நெற்றிக்கு மேல் ஏற்றிவிட்டுக்கொண்டு, ஒரு புட்டியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். 'வெயில்காப்பு மூலிகைத் தைலம்' என்ற எழுத்துக்குக் கீழே பச்சை வயல். வயலில் நாற்று முடியைக் கையில் ஏந்திச் சிரிக்கும் ஒரு பெண். கன்னத்தில் அப்படியொரு பளபளப்பு.

நான் பக்கத்தில் போய், "அதை வாங்காதீங்க" என்றேன்.

"ஏங்க?"

"அதைத் தடவித்தான் என் மூஞ்சி வெந்துச்சு. அந்தப் போட்டோவில இருக்கறது நான்தான்."

அவர் புட்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். என் இடது கண்ணுக்குக் கீழே தொடங்கி, தாடையைத் தாண்டி, கழுத்தில் கோடு கோடாக இறங்கும் கருப்பில் அவர் பார்வை நின்றது. அப்புறம்தான் 'இது நீங்க இல்லையே' என்று சொன்னார்.

"நம்பலைன்னா இவங்களையே கேளுங்க" என்று நான் தமயந்தியைக் காட்டினேன்.

தமயந்தி பதில் சொன்னாள். அந்தப் பதிலைக் கொஞ்சம் தள்ளி வைக்கிறேன். அவள் எனக்கு யார் என்று தெரியாமல் கேட்டால் அதன் காரம் உங்களுக்கு உறைக்காது.

உங்க அக்காவா?

எங்கள் ஊர் குடவாசலுக்கும் வலங்கைமானுக்கும் நடுவில் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் தமயந்தியும் நானும் ஒரே பெஞ்சு. ஒரே வயது. அவள் உள்ளூரிலேயே உரக்கடை வீட்டுக்கு மருமகளாகப் போனாள். என் கணவரும் உள்ளூர்க்காரர்தான்; சிங்கப்பூரில் வெல்டர். என் அப்பா காலம் வரை மற்றவர்கள் வயலில் கூலிக்கு நின்ற குடும்பம் எங்களுடையது. இப்போது குத்தகைக்கு எடுத்து நாங்களே பயிர் வைக்கிறோம். நான் அஞ்சல் வழியில் பி.ஏ. முடித்தவள். பட்டம் வாங்கியவள் சேற்றில் இறங்கலாமா என்று கேட்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். ஆள் கிடைக்காத அன்றைக்கு நாற்று யாருடைய பட்டத்தையும் விசாரிப்பதில்லை என்று சொல்லிவிட்டுப் போவேன்.

வெயிலைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் அது மேலிருந்து அடிப்பதாகவே எழுதுகிறார்கள். நடவு நட்டவர்களுக்குத்தான் தெரியும், அது கீழிருந்தும் அடிக்கும். குனிந்து நிற்கிறோம், முதுகையும் பிடரியையும் மேல்வெயில் பார்த்துக்கொள்ளும். முகம் தண்ணீருக்கு நேராக இருக்கும். வயலில் கட்டி நிற்கிற தண்ணீர் அத்தனை வெயிலையும் வாங்கி முகத்தில் திருப்பி அடிக்கும். மூக்குக்குக் கீழே, முகவாய்க்கு அடியில், மற்றவர்களுக்கு வெளுப்பாக இருக்கிற இடங்களெல்லாம் எங்களுக்குக் கருத்துக் கிடப்பது அதனால்தான். புடவைக்கு மேல் புருஷனின் முழுக்கைச் சட்டை, தலையில் ஒரு துண்டு. எங்கள் ஊரில் வெயில்காப்பு என்றால் அவ்வளவுதான்.

என் பெரியம்மாவை ஒரு தடவை பேருந்தில் நடத்துநர் "பாட்டி, அப்படி உட்காரு" என்றார். பெரியம்மாவுக்கு அப்போது நரைகூட விழவில்லை. கழுத்தைப் பார்த்து வயதைச் சொல்லிவிட்டார் அந்த மனிதர். பெரியம்மா உட்கார்ந்துகொண்டார். உட்கார இடம் கிடைத்ததே பெரிது என்று எனக்குச் சமாதானமும் சொன்னார்.

எனக்கும் அது நடந்தது. கும்பகோணத்தில் ஒரு ஜவுளிக்கடை. தமயந்தியும் நானும் தீபாவளிக்குப் புடவை எடுக்கப் போயிருந்தோம். புடவையைப் பிரித்துப் போட்ட ஆள் தமயந்தியிடம், "உங்க அக்காவுக்கு இந்த மாதிரி டல் கலர் எடுங்கம்மா, அதான் எடுப்பா இருக்கும்" என்றார்.

"அக்காவா! ஒரே கிளாஸுங்க நாங்க!" என்று தமயந்தி கடை அதிரச் சிரித்தாள். ஊர் வரைக்கும் பேருந்தில் நினைத்து நினைத்துச் சிரித்தாள். நானும் சேர்ந்துதான் சிரித்தேன். வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னால் நின்றபோது அழுகை வந்துவிட்டது. கணவர் வருஷத்துக்கு ஒரு முறை ஒரு மாத லீவில் வருகிறார். விமான நிலையத்தில் என்னைத் தேடுகிற அவர் கண்ணுக்கு நான் யாராகத் தெரிவேன் என்ற பயம் அன்றைக்குத்தான் பிடித்தது. அழகாக இருக்க எனக்கு ஆசை இருந்தது. அதில் என்ன வெட்கம்?

கழுவினாலும் போகாதது

இந்த ஆசைக்கு நடுவில்தான் பயிற்சியம்மா வந்து சேர்ந்தார். ஏதோ ஒரு அமைப்பிலிருந்து மகளிர் குழுக்களுக்குத் தொழில் கற்றுக்கொடுக்க வந்தவர். பெயர் எதற்கு, பயிற்சியம்மா என்றே வைத்துக்கொள்வோம்.

சமுதாயக் கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்தோம். மேசையில் செடிகளையும் வேர்களையும் பரப்பி வைத்திருந்தார். வல்லாரை, கரிசலாங்கண்ணி, ஆவாரம்பூ, வெட்டிவேர், கோரைக்கிழங்கு. பாதிக்குப் பாதி எங்கள் வரப்பில் கிடப்பவை. கோரையைப் பார்த்ததும் பின்வரிசையில் ஒரே சிரிப்பு. ஆயுசு பூராவும் பிடுங்கி எறிந்தும் ஒழியாத களை அது. அதைக் காயவைத்து அரைத்துப் பாக்கெட்டில் போட்டால் டவுனில் முகத்துக்குப் பூசுகிறார்களாம். காசாகிற சரக்கைப் பிடுங்கி எறிந்துவிட்டு அதற்குக் கூலியும் வாங்கிக்கொண்டிருக்கிறோம் என்று ஒருத்தி சத்தமாகவே சொன்னாள்.

"செடிக்கும் நம்மளை மாதிரி நாள் முழுக்க வெயில்தானே? ஆனா அது கருகுதா? இல்ல. ஏன்னா அதுக்குள்ள ஒரு சத்து இருக்கு. அதை எடுத்து நம்ம தோல்ல வச்சா வெயில் ஒண்ணும் பண்ணாது. சுருக்கம் வராது. வயசே தெரியாது. ஆன்டி ஏஜிங்னு சொல்வாங்க" என்றார் பயிற்சியம்மா.

எனக்கு அந்தப் பேச்சு பிடித்துப்போயிற்று. இன்றைக்கும் அதில் முழுப் பொய் என்று எதையும் என்னால் சொல்ல முடியவில்லை. அரைகுறை உண்மை என்றுதான் சொல்ல முடியும். அரைகுறை உண்மைதான் ஆளை வேகவைக்கும்.

அவர் கற்றுக்கொடுத்தது குளியல் பொடி. பூசி, ஊறவிட்டு, குளித்துக் கழுவிவிட வேண்டியது. அதில் மற்ற சரக்குகளோடு கொஞ்சம் கார்போக அரிசியும் உண்டு. பெயரில்தான் அரிசி. பார்ப்பதற்குக் கருப்பாக, சின்னச் சின்ன விதை. நாட்டு மருந்துக் கடையில் கேட்டால், தோல் வியாதிக்கு அதை மிஞ்சி ஒன்றும் கிடையாது என்பார்கள்.

பொடியைத் தைலமாக்கிய புத்தி எங்களுடையது. டவுனில் இருக்கிற யாருக்கும் அது தோன்றியிருக்காது. முழங்கால் தண்ணீரில் நின்று, வியர்வையும் சேறும் நாள் முழுக்க முகத்தில் வழிகிறவர்களோடு பழகுகிறவர்களுக்குத்தான் தோன்றும். "பொடி எங்களுக்கு எந்த மூலைக்கு? வயல்ல இறங்கினதும் கரைஞ்சு ஓடிடும். எண்ணெயில காய்ச்சினா நிக்கும்ல?" என்று தமயந்தி கேட்டாள். சேற்றில் இறங்காதவள் எங்களுக்காக யோசிக்கிறாளே என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

"அடடா, இதுதாம்மா ஐடியா! வெயில்காப்புத் தைலம்னே பேர் வச்சிடலாம்" என்று பயிற்சியம்மா கை தட்டினார்.

கழுவப்பட வேண்டியதைக் கழுவ முடியாததாக்கினோம். தோலுக்கு நல்லது என்று கார்போக அரிசியை அள்ளிப் போட்டு நல்லெண்ணெயில் காய்ச்சினோம். வாசனை தெரு முனை வரைக்கும் அடித்தது.

தட்டி பிடித்த கை

லேபிளுக்கு ஒரு முகம் வேண்டும் என்று பேச்சு வந்தது. சினிமாக்காரி மாதிரி ஒருத்தி வேண்டாம், நிஜமாகவே வெயிலில் நிற்கிற பெண் வேண்டும் என்றார் பயிற்சியம்மா. "அப்ப வாசுகிதான்" என்றாள் தமயந்தி. என் பெயரை அவள் சொன்ன விதம் இன்னும் காதில் இருக்கிறது. ஜவுளிக்கடையில் சிரித்ததற்கு ஏதோ ஈடு செய்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

குறுவை நடவு நடந்துகொண்டிருந்த சமயம். குடமுருட்டி ஆற்றங்கரையில் இருக்கும் எங்கள் குத்தகை வயலிலேயே படம் எடுப்பது என்று முடிவாயிற்று. பாபநாசத்திலிருந்து ஒரு கல்யாண போட்டோக்காரர் வந்தார். காலையிலேயே தமயந்தி என் வீட்டுக்கு வந்து, தன் கையாலேயே தைலத்தை என் முகத்திலும் கழுத்திலும் தடவிவிட்டாள். தடவி முடித்ததும், புடவையில் பட்டால் கறை போகாது என்று கையைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவிக்கொண்டாள். எனக்கு யாரும் கழுவச் சொல்லவில்லை. கழுவினால் படம் எப்படி எடுப்பது?

போட்டோக்காரருக்குப் பளபளப்புப் போதவில்லை. "இன்னும் கொஞ்சம் தடவுங்க மேடம், ஸ்கின் ஷைன் ஆகணும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். தமயந்தி தடவுவதும் வாய்க்காலில் கையைக் கழுவுவதுமாக இருந்தாள். சட்டையைக் கழற்றச் சொன்னார்கள். படத்தில் அசிங்கமாக இருக்குமாம். துண்டையும் எடுக்கச் சொன்னார்கள். வெயிலுக்கு எங்களிடம் இருந்த இரண்டே காப்பையும் உரித்துவிட்டு, வெயில்காப்புத் தைலத்துக்குப் படம் எடுத்தார்கள்.

அதோடும் விடவில்லை. போட்டோக்காரரிடம் வெள்ளித்தாள் ஒட்டின மாதிரி வட்டமாக ஒரு தட்டி இருந்தது. வெயிலை வாங்கி முகத்தில் அடிப்பதற்கு. அதைத் தமயந்தி வரப்பில் நின்று பிடித்துக்கொண்டாள். என் இடது கன்னத்துக்கு நேராக. "கண்ணு கூசுதுடி" என்றேன். "கொஞ்சம் பொறுத்துக்கடி, எவ்வளவு அழகா இருக்கே தெரியுமா" என்றாள். பயிற்சியம்மா பக்கத்தில் குடை பிடித்துக்கொண்டு நின்றார்.

உச்சிப் பொழுது வரைக்கும் எடுத்தார்கள். கேமராவுக்குப் பின்னால் இருந்த சின்னத் திரையில் என்னைக் காட்டினார்கள். உண்மையைச் சொல்வதானால், நான் அழகாகத்தான் இருந்தேன். என் வயதைவிடச் சின்னவளாக இருந்தேன். அந்தப் படத்தை வாட்ஸப்பில் கணவருக்கு அனுப்பினேன். 'யாரு இந்தப் பொண்ணு?' என்று எழுதி ஒரு சிரிப்புப் பொம்மையும் போட்டிருந்தார். அன்றைக்குப் பூராவும் நான் சந்தோஷமாக இருந்தேன்.

அம்மை

மறுநாள் கன்னத்தில் மிளகாய் அரைத்துப் பூசியது போல எரிச்சல். அதற்கும் அடுத்த நாள் கொப்புளம். கண்ணுக்குக் கீழே திட்டாக, கழுத்தில் தைலம் வழிந்த வழியெல்லாம் கோடாக, நீர் கோத்துக்கொண்டு நின்றன. தொட்டால் உயிர் போயிற்று.

என் மாமியார் பார்த்தார். கையெடுத்துக் கும்பிட்டார். "ஆத்தா வந்திருக்கா" என்றார்.

கொப்புளம் என்றால் எங்கள் பக்கத்தில் அது அம்மைதான். வேறு ஒன்றாக இருக்கலாம் என்று யாருக்கும் தோன்றாது. வாசலில் வேப்பிலை செருகிவிட்டார்கள். தாளிதம் நின்றது. வாழையிலையில் படுக்கை, இளநீர், வேப்பிலை விசிறி. ஆஸ்பத்திரி என்ற வார்த்தையையே எடுக்கக் கூடாது, ஆத்தா கோபித்துக்கொள்வாள். வலங்கைமான் மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டு மஞ்சள் துணியில் காணிக்கை முடிந்து வைத்தார் மாமியார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். தனக்குத் தெரிந்த அன்பு அத்தனையையும் அவர் செய்தார்.

"அத்தை, அம்மைன்னா உடம்பு பூரா வராதா? தைலம் தடவின இடத்துல மட்டும் வந்திருக்கே?" என்று முனகினேன்.

"வாயை மூடு. அவ எங்க வேணா இறங்குவா" என்றார்.

வேப்பிலை செருகின வீட்டுக்கு யாரும் வரமாட்டார்கள். தமயந்தியும் வரவில்லை. அதைக்கூட மன்னித்தேன். ஆனால் நான் வாழையிலையில் கிடந்த அந்த நாட்களில்தான் லேபிள் அச்சாகி வந்தது. புட்டிகள் நிரப்பப்பட்டன. முதல் பெட்டி வேனில் ஏறிப் போனது. என் முகத்தில் தோல் உரிந்துகொண்டிருந்தபோது என் முகம் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தது.

கொப்புளம் அடங்கியது. கருப்பு அடங்கவில்லை. அண்ணன் வந்துதான் சண்டை போட்டு என்னைத் தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனான்.

"ஏன் வெயில்ல போனீங்க?"

தோல் பிரிவில் இருந்த டாக்டர் ஒரு சின்னப் பெண். கழுத்துக் கோட்டை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "என்ன தடவினீங்க?" என்பதுதான் முதல் கேள்வி. எனக்கு அங்கேயே அழுகை வந்தது. அத்தனை நாளில் ஒருவர்கூட என்னிடம் அதைக் கேட்கவில்லை.

சரக்குகளை ஒவ்வொன்றாகச் சொன்னேன். கார்போக அரிசி என்றதும் நிறுத்தினார்.

"அது தோல்ல இருக்கும்போது வெயில் பட்டா தோல் வெந்துடும்மா. வெண்புள்ளி இருக்கறவங்களுக்கு நாங்களே அந்த மாதிரி மருந்தை, அளவு பார்த்துத் தடவி, அளவு பார்த்து வெயில்ல காட்டச் சொல்வோம். அந்த இடம் கருக்கணும்னுதான். உங்களுக்கு எண்ணெயில காய்ச்சித் தடவி, மத்தியானம் வரைக்கும் நிக்க வச்சிருக்காங்க. இது அம்மை இல்ல."

"அப்ப செடியெல்லாம் வெயிலுக்கு நல்லதுன்னு சொன்னது பொய்யா டாக்டர்?"

"பொய்னு சொல்ல முடியாது. கிரீன் டீ, வல்லாரை, இன்னும் எத்தனையோ செடிச் சத்தை வச்சு ஆராய்ச்சி நடக்குது. தோல் மூப்பைக் கொஞ்சம் தள்ளிப்போடலாம்னு நம்பிக்கை இருக்கு. ஆனா ஒரு செடி காக்கும், இன்னொரு செடி எரிக்கும். சோதிச்சுப் பார்க்காம எது எதுன்னு தெரியாது. எதுவா இருந்தாலும் அந்த முழுக்கைச் சட்டையையும் துண்டையும் விட்டுடாதீங்க."

கருப்பு போகுமா என்று கேட்டேன். கொஞ்சம் மங்கும், நாளாகும், சில இடத்தில் நின்றுவிடலாம் என்றார். நின்றுவிட்டது.

ஊருக்குத் திரும்பிய கையோடு குழுக் கூட்டத்துக்குப் போனேன். டாக்டர் சொன்னதைச் சொன்னேன். தைலத்தை நிறுத்துங்கள், என் படத்தை எடுத்துவிடுங்கள் என்று இரண்டு விஷயம்தான் கேட்டேன். வேறு எதுவும் கேட்கவில்லை. இழப்பீடு கேட்க வந்திருக்கிறேன் என்று நினைத்துத்தானோ என்னவோ, முதலில் எல்லாரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பயிற்சியம்மாதான் வாயைத் திறந்தார். "இது ராத்திரி தடவுற தைலம்மா. இதைத் தடவிக்கிட்டு நீங்க ஏன் வெயில்ல போனீங்க?"

"வெயில்காப்புத் தைலம்னு பேர் வச்சது யாருங்க? நான் வெயில்ல நிக்கும்போது பக்கத்துல குடை பிடிச்சுக்கிட்டு நின்னது யாருங்க?"

"உங்க தோல் அப்படி. எல்லாருக்கும் அப்படி ஆகலையே?"

வேறு யாரும் அதைத் தடவிக்கொண்டு வயலில் இறங்கவே இல்லை. விற்கிற சரக்கை வீணாக்க வேண்டாம் என்று அவரவர் தங்கள் துண்டோடும் சட்டையோடும் நின்றிருக்கிறார்கள். அதைச் சொன்னேன். தமயந்தி என் கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு வந்தாள்.

"வாசுகி, லேபிள் எல்லாம் அடிச்சாச்சுடி. உன் மூஞ்சிக்காகத்தான் சரக்கு போகுது. ஊர்ல எல்லாரும் அம்மைன்னுதானே நினைச்சுக்கிட்டு இருக்காங்க? அப்படியே இருந்துட்டுப் போகட்டுமே. உனக்கும் அதுல ஒரு மரியாதை இருக்கு."

ஆத்தா இறங்கின முகம் என்றால் மரியாதை. தோழி வேகவைத்த முகம் என்றால் வம்பு. இருபது பெண்களின் பிழைப்பு அதில் இருக்கிறது என்று அவள் சொன்னதும் உண்மைதான். அதனால்தான் எனக்கு இன்னும் ஆத்திரம் வருகிறது. வெறும் கெட்டவளாக இருந்திருந்தால் காறித் துப்பிவிட்டு மறந்திருப்பேன்.

என் கூப்பாட்டுக்கு ஒரே ஒரு பலன் கிடைத்தது. புட்டியின் முதுகில், பொடி எழுத்தில், 'இரவில் மட்டும் பயன்படுத்தவும்' என்று ஒரு வரி சேர்த்தார்கள். முன்பக்கம் வெயில்காப்பு. பின்பக்கம் இரவில் மட்டும். நடுவில் நான் சிரித்துக்கொண்டிருந்தேன்.

வீடியோவில் கணவரிடம் பேசும்போது நான் வலது பக்கத்தைக் காட்டியே பேசப் பழகினேன். ஒரு நாள் போன் கை நழுவிவிட்டது. அவர் பார்த்துவிட்டார். "பவுடர் போட்டா தெரியாது விடு" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். அதற்கப்புறம் நான் சில நாள் போனையே எடுக்கவில்லை.

ஊரில் சொல்லிப் பயனில்லை. ஊருக்கு அது அம்மை. வாங்குகிறவர்களிடமே சொல்லிவிடலாம் என்றுதான் அன்றைக்குப் பேருந்து ஏறித் தஞ்சாவூர் கண்காட்சிக்குப் போனேன்.

தகரப் பந்தலில்

"நம்பலைன்னா இவங்களையே கேளுங்க" என்றேன் என்று சொன்னேன் அல்லவா?

அந்த அம்மாள் தமயந்தியிடம் திரும்பினார். "ஏங்க, இவங்கதானா இது?"

தமயந்தி என்னைப் பார்த்தாள். முழுசாக, கண்ணுக்குக் கண். பள்ளிக்கூடத்தில் விடை தெரியாதபோது என் பக்கம் திரும்புவாளே, அதே கண்.

"இல்லீங்க. இவங்க எங்க ஊர்தான். அம்மை போட்டு மூஞ்சி இப்படி ஆயிடுச்சு. அதுலேர்ந்து கொஞ்சம் மனசு சரியில்ல. பாவம்" என்றாள்.

கத்த வேண்டும் போல இருந்தது. கத்தினால் அவள் சொன்னது மெய்யாகிவிடும் என்று தெரிந்ததால் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"சரி, அது நான் இல்ல" என்றேன். "தமயந்தி, அந்தப் புட்டியை ஒண்ணு திற. உன் முழங்கையில தடவிக்க. வா, ரெண்டு பேரும் அந்த மைதானத்துல போய் நிப்போம். சாப்பாட்டு நேரம் வரைக்கும் போதும். உனக்கு ஒண்ணும் ஆகலைன்னா நான் பைத்தியம்னு நானே ஒத்துக்கறேன்."

பக்கத்து மேசையில் ஊறுகாய் விற்றுக்கொண்டிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். தமயந்தி பந்தலுக்கு வெளியே ஒரு தரம் பார்த்தாள். வெயில் வாசல் வரைக்கும் வந்து நின்றது. மேசை மேல் இருந்த தன் இரண்டு கையையும் எடுத்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள். எனக்கு அது போதும். அவளுக்குத் தெரியும். தெரிந்தேதான் விற்கிறாள். இதைவிடச் சாட்சி எந்தக் கோர்ட்டில் கிடைக்கும்?

நான் அந்த அம்மாளைப் பார்த்தேன். "பாத்தீங்களா? தடவிக்க மாட்டேங்கறா பாருங்க."

அவர் அதையெல்லாம் கவனிக்கவில்லை. புட்டியின் முதுகில் இருந்த பொடி எழுத்தைக் கண்ணைச் சுருக்கிப் படித்துக்கொண்டிருந்தார்.

"இரவில் மட்டும்னு போட்டிருக்கேம்மா. அவங்க எப்படிப் பகல்ல தடவுவாங்க?" என்றார் என்னிடம், குழந்தைக்குச் சொல்வது போல. "எங்களுக்கு என்ன, நாங்க எங்க வெயில்ல போறோம்? வீட்டுல ஏசி, கார்ல ஏசி. ராத்திரி தடவிட்டுப் படுத்தா ஆச்சு."

ஒன்றுக்கு இரண்டாக எடுத்துக்கொண்டார். தமயந்தி முந்தானையிலிருந்து கையை வெளியே எடுத்து, புட்டிகளைச் சணல் பையில் போட்டுக் கொடுத்தாள். அந்த அம்மாள் கிளம்பியவர் நின்றார். அவர் முகத்தில் நிஜமான இரக்கம் இருந்தது. அதை நான் மறுக்க மாட்டேன். என் தோளைத் தொட்டு, பையிலிருந்து ஒரு புட்டியை எடுத்து என் கையில் வைத்து, லேபிளில் இருந்த படத்தை விரலால் தட்டிக் காட்டினார்.

"நீங்களும் விடாம தடவுங்கம்மா. அந்தக் கருப்பெல்லாம் போய், இந்தப் பொண்ணு மாதிரி ஆயிடுவீங்க."